புதிய நாடகத்துக்கு இரண்டாம் மேடை

1955ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவில் நடந்த நாடக எழுத்துப் போட்டியொன்றில் இரண்டு நாடகங்கள் முதற்பரிசைப் பகிர்ந்துகொண்டன. ஒன்று, ரே லோலர் எழுதிய 'சமர் ஒஃப் த செவன்டீன்த் டோல்'. மற்றையது, ஒரியல் கிரே என்ற பெண் எழுதிய 'த டொரன்ட்ஸ்'. நடுவர்களின் மதிப்பீட்டில் இரண்டும் ஒரே தரத்தவை. ஆனால் லோலரின் நாடகம் அதே ஆண்டு நவம்பரில் மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தின் யூனியன் அரங்கில் மேடையேறி, அடுத்த ஆண்டு சிட்னிக்குப் போய், 1957இல் லண்டனையும் எட்டி, இன்றுவரை அவுஸ்திரேலியப் பாடசாலைகளில் படிக்கப்படுகிறது. கிரேயின் நாடகமோ எப்போதாவது தலைகாட்டியதோடு நின்றுவிட்டது. பெரிய நாடகக் கம்பனிகள் இரண்டு கூட்டாகச் சேர்ந்து அதைப் பேர்த் நகரிலும் சிட்னி ஒப்பரா மாளிகையிலும் அரங்கேற்றியது 2019இல். கிரே 2003இலேயே காலமாகிவிட்டார்.

ஒரே பரிசைப் பெற்ற இரு நாடகங்களுக்கு இவ்வளவு வேறுபட்ட விதி ஏன் வாய்த்தது என்ற கேள்வி என்னை நீண்ட நாட்களாக விடவில்லை. இலங்கையின் மலையகத்தில், ஹட்டனைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் பாடசாலைப் பிள்ளைகளோடும் வாலிபர்களோடும் சேர்ந்து நாடகம் போட்டுவருபவன் என்ற வகையில், அந்தத் தூரதேசத்து வரலாறு எனக்கு அந்நியமாகப் படவில்லை. அதிலும் லோலரின் நாடகம் கரும்பு வெட்டும் தொழிலாளரைப் பற்றியது. குயின்ஸ்லாந்தில் ஏழு மாதம் கரும்பு வெட்டிவிட்டு, வேலையில்லாத ஐந்து மாதத்தை மெல்பேர்ணில் தமக்கு வேண்டிய பெண்களோடு கழிக்க வரும் இரண்டு ஆண்கள். ஆண்டுதோறும் கையில் ஒரு பொம்மையோடு வருகிறவர்கள். பதினேழாவது ஆண்டில், தன்னைவிட இளையவன் ஒருவனுக்கு ஈடுகொடுக்க முடியாமல் தளர்ந்துபோன உடம்போடு வந்து நிற்கும் ஒருவன். கொழுந்துக் கூடையைச் சுமந்து முதுகு வளைந்த அம்மாக்களோடு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதையை யாரும் விளக்கத் தேவையில்லை.

நாடகத்தின் தகுதி மட்டும் லோலரைக் காப்பாற்றவில்லை என்பதே என் எண்ணம். அவர் அந்த யூனியன் அரங்கின் நாடகக் குழுவிலேயே நடிகராக இருந்தவர். தன் நாடகத்தில் ஒரு முக்கிய பாத்திரத்தைத் தானே ஏற்று நடித்தார். குழுவைத் தொடங்கி நடத்திய ஜோன் சம்னர் அந்த நாடகத்தை நெறிப்படுத்தினார். அதற்கு முந்திய ஆண்டில்தான் எலிசபெத் நாடக அறக்கட்டளை என்ற அமைப்பு நாடகக் கலையை நாடு முழுவதும் வளர்ப்பதற்கென்று உருவாகியிருந்தது. அது இந்த நாடகத்தைச் சிட்னிக்குக் கொண்டுபோயிற்று. முதல் மேடை இறங்கியவுடன் கைநீட்டி வாங்கிக்கொள்ள இரண்டாவது மேடை காத்திருந்தது. இடதுசாரி நியூ தியேட்டர் குழுக்களில் வளர்ந்த கிரேக்கு அப்படிக் கைநீட்ட ஆளில்லை.

அதற்கு முன்பிருந்த நிலைமை இன்னும் மோசமானது. 1880களிலிருந்து 1976 வரை ஜே.சி. வில்லியம்சன் என்ற பெரிய நிறுவனம் அந்த நாட்டின் வணிக மேடைகளைத் தன் கையில் வைத்திருந்தது. லண்டனிலும் நியூயோர்க்கிலும் ஓடி வெற்றிபெற்ற நாடகங்களை அப்படியே கப்பலேற்றிக் கொண்டுவந்து காட்டுவதே அதன் தொழில். ஏற்கெனவே விலைபோன சரக்கு என்பதால் நட்டமடையும் பயம் குறைவு. உள்ளூரில் ஒருவர் எழுதிய நாடகம் யாரும் சோதித்துப் பார்க்காத ஒன்று. ஆகவே அதைத் தொடுவாரில்லை. 1920களில் லூயிஸ் எசனும் வான்ஸ் பாமரும் மெல்பேர்ணில் உள்ளூர் நாடகங்களுக்கென்றே ஒரு குழுவைத் தொடங்கினார்கள்; அது சில ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை.

பேரெடுத்த எழுத்தாளரும் இதிலிருந்து தப்பவில்லை. பற்றிக் வைற் 1947இல் எழுதிய 'த ஹாம் ஃபியூனரல்' நாடகத்தை 1962ஆம் ஆண்டு அடிலெய்ட் கலைவிழாவில் சேர்க்க அதன் ஆளுநர்கள் மறுத்தார்கள். அடிலெய்ட் பல்கலைக்கழக நாடகக் குழு அதை 1961இலேயே மேடையேற்றிக் காட்டியது. அந்த வைற்றுக்கு 1973இல் நோபல் பரிசு கிடைத்தது. நாடகம் எழுதி முடித்து மேடையைக் காண அவருக்கே பதினான்கு ஆண்டுகள் தேவைப்பட்டன என்றால், பெயர் தெரியாத ஒருவரின் கதி என்னவென்று நினைத்துப் பார்க்கலாம்.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். மலையகத்தில் நாடகம் இல்லை என்று சொல்பவர்களோடு எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. மாசி மாதத்தில், சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடும் காமன் கூத்து நடக்கும் ஒரு தோட்டத்துக்கு வந்து பார்த்தால் அந்தப் பேச்சு எழாது. கம்பம் ஊன்றிய நாளிலிருந்து தகனம் வரை விரதமிருந்து ஆடும் ரதியும் மதனும், இரவைக் கிழித்துக்கொண்டு இறங்கும் வீரபத்திரனும், தப்பின் அடிக்குத் தானாக எழும் கால்களும் இன்னும் இருக்கின்றன. பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் பல தோட்டங்களில் தலைமுறைகளாக ஆடப்பட்டு வந்தவை. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர், பெரிய கங்காணிமாரின் ஆட்சி நடந்த காலத்திலேயே, தோட்டத் தொழிலாளரின் நிலையை 'இராமசாமி சேர்வையின் சரிதம்' என்று நாடகமாக எழுதினார். நாடகம் நமக்கு இரவல் கலையன்று.

காமன் கூத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும் என்று நான் எப்போதும் சொல்வதுண்டு. அதற்கென்று காமன் பொட்டல் என ஓர் இடம் இருக்கிறது. அதில் யாரும் வீடு கட்டுவதில்லை, காய்கறித் தோட்டம் போடுவதில்லை. அதற்கென்று ஆண்டில் ஒரு காலம் இருக்கிறது. அந்த நாட்களில் வேறு விசேஷம் வைப்பதில்லை. தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள்தோறும் போய் வரி சேர்க்கிறார்கள். கொடுக்க முடியாதவர் விறகு கொடுக்கிறார், அரிசி கொடுக்கிறார், இரவெல்லாம் விழித்திருந்து தேநீர் ஊற்றுகிறார். சென்ற ஆண்டு ரதியாக ஆடியவர் இந்த ஆண்டு கொழும்பில் கடை வேலைக்குப் போயிருந்தால், பாட்டுகளைக் கேட்டுக் கேட்டே மனனம் செய்த இன்னொருவர் அந்த வேடத்தை எடுத்துக்கொள்கிறார். இந்த ஆண்டு கூத்து நடக்குமா என்று கேள்வி எழுந்தால், அது ஊரின் மானப் பிரச்சினையாகிவிடுகிறது. இடம், காலம், பணம், ஆள் ஆகிய நான்கையும் ஊர் தன் பொறுப்பில் வைத்திருப்பதாலேயே அந்தக் கூத்து மீண்டும் மீண்டும் ஆடப்படுகிறது.

புதிதாக எழுதப்படும் நாடகத்துக்கு இந்த நான்கில் ஒன்றும் இல்லை. மலையகத்தில் இன்று எழுதப்படும் நாடகங்களில் மிகப் பெரும்பாலானவை போட்டிக்கென்று எழுதப்படுகின்றன. தமிழ்மொழித்தினப் போட்டி, இளைஞர் நாடகப் போட்டி, அரச நாடக விழா என்று வாய்ப்புகள் இருப்பது நல்லதுதான். அவை இல்லாவிட்டால் பல பிள்ளைகள் மேடையையே கண்டிருக்க மாட்டார்கள். ஆனால் போட்டி முடிந்த அன்று மாலையோடு நாடகமும் முடிந்துவிடுகிறது. பரிசு பெற்றால் கிண்ணம் அதிபரின் அறையில் கண்ணாடி அலுமாரிக்குள் போகிறது. பெறாவிட்டால், உடைகள் வாடகைக்கு எடுத்த இடத்துக்குத் திரும்பிப் போகின்றன. இரண்டு நிலையிலும் பிரதி, எழுதிய ஆசிரியரின் மேசை லாச்சியில் கிடந்து, அவருக்கு இடமாற்றம் வரும்போது காணாமற்போகிறது. எந்தத் தோட்டத்தைப் பற்றி எழுதினோமோ, அந்தத் தோட்டத்தவர்கள் நாடகத்தைப் பார்ப்பதேயில்லை. பார்த்தவர்கள் மூன்று நடுவர்களும், தம் முறைக்காகக் காத்திருந்த மற்றப் பாடசாலைப் பிள்ளைகளும்தான்.

இதில் எழுத்துக்கும் ஒரு கேடு விளைகிறது. நடுவருக்கென்று எழுதும்போது, கதாபாத்திரங்கள் ஒருவரோடொருவர் பேசுவதை விட்டுவிட்டு நடுவரைப் பார்த்துப் பேசத் தொடங்குகிறார்கள். குறித்த நிமிடத்துக்குள் லயத்து வாழ்வு, குடி, சம்பளம், கல்வி எல்லாவற்றையும் சொல்லி, ஒரு தீர்வையும் சொல்லித் திரையைப் போட வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குழுவிலுள்ள ஒரு தம்பி எழுதிய நாடகத்தைப் போட்டிக்குப் பின்னும் ஆடுவதென்று தீர்மானித்தோம். அதில், பறித்த கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் நடக்கும் காட்சி ஒன்று உண்டு. தராசில் பையை வைத்ததும் ஈரத்துக்கென்று சில கிலோவை வெட்டிக் கணக்குப் போடுகிறார் கணக்கப்பிள்ளை. அந்த இடத்தில் கொழுந்து எடுக்கும் பெண் நிமிர்ந்து நின்று நீளமாகப் பேசுகிறாள். போட்டியில் அந்தப் பேச்சுக்கு நல்ல கைதட்டல். பின்னர் ஒரு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில், வேலை முடிந்து வந்த பெண்கள் முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருக்க, அதே நாடகத்தை ஆடினோம். அந்தப் பேச்சு தொடங்கியதும் அவர்கள் தமக்குள் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

நாடகம் முடிந்த பிறகு வயதான ஓர் அக்கா எழுதியவனைத் தேடி வந்தார். "தம்பி, நாடகம் நல்லாத்தான் இருந்திச்சி. ஆனா மடுவத்துல நாங்க அம்புட்டுப் பேச மாட்டோம். பின்னால லைன்ல இருவது பேரு நிப்பாங்க, புள்ளைய எடுக்கப் புள்ளக்காம்பராவுக்குப் போவணும். தராசைக்கூடப் பாக்க மாட்டோம், அவரு பேனையத்தான் பாப்போம். வெட்டிட்டாருன்னா பைய மடிச்சி இடுப்புல சொருவிக்கிட்டு நடந்துருவோம். வூட்டுக்குப் போய்த்தான் பேசுவோம், அதுவும் புள்ளைங்க தூங்குன பொறவு" என்றார்.

அவன் அந்தக் காட்சியைத் திருத்தி எழுதினான். மடுவத்தில் இப்போது பேச்சே இல்லை. அந்தப் பெண் கணக்கப்பிள்ளையின் பேனையைப் பார்க்கிறாள், பையை நான்காக மடிக்கிறாள், போகிறாள். அடுத்த காட்சியில், இருட்டில் அடுப்பங்கரையில், அணையப்போகும் நெருப்பை ஊதிக்கொண்டே கணவனிடம் அதைச் சொல்கிறாள். அவன் தூங்கிவிட்டானா இல்லையா என்பது நமக்குத் தெரிவதில்லை. வேறொரு தோட்டத்தில் அதை ஆடியபோது, பேனையைப் பார்க்கும் இடத்தில் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண் "ஆமா" என்றார். நடிப்பவளுக்கு அந்த ஒரு குரல் போதுமாயிருந்தது; அதன் பின் அவள் ஆடிய விதமே மாறிவிட்டது. எழுதியவனும் நடித்தவளும் திறமைசாலிகள்தாம். இருந்தாலும் இதை அவர்களுக்கு எந்தப் பட்டறையும் கற்றுக்கொடுத்திருக்க முடியாது. நாடகம் இரண்டாம் முறை, மூன்றாம் முறை ஆடப்படும்போதுதான் எழுதி முடிக்கப்படுகிறது. முதல் மேடையேற்றத்தோடு புதைக்கப்பட்ட நம் நாடகங்கள் யாவும் பாதியில் நின்றுபோன எழுத்துகள் என்றே நான் கருதுகிறேன்.

அவுஸ்திரேலியர்கள் இந்தச் சிக்கலை ஓரளவு அவிழ்த்த விதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 1967இல் பெற்றி பர்ஸ்டல் என்ற பெண், நியூயோர்க்கில் தான் கண்ட ஒரு சிறிய அரங்கை மனத்தில் வைத்து, மெல்பேர்ணின் கார்ல்டன் பகுதியில் பழைய தொழிற்சாலைக் கட்டிடம் ஒன்றை எடுத்து 'லா மாமா' என்ற அரங்கைத் தொடங்கினார். ஒரு வகுப்பறை அளவே இருக்கும் இடம். சில பத்துப் பேர் உட்காரலாம். உள்ளூரில் புதிதாக எழுதுபவர்களுக்கு அங்கே இடமுண்டு என்பதே அதன் சட்டம். ஜக் ஹிபர்ட் எழுதிய சிறு நாடகத்தோடு தொடங்கிய அந்த அறையில், 1971இல் டேவிட் வில்லியம்சனின் 'த ரிமூவலிஸ்ட்ஸ்' முதன்முதலாக ஆடப்பட்டது. மண்டபம் சிறிதாக இருந்ததால் தோல்வியின் செலவும் சிறிதாக இருந்தது. ஆகவே துணிந்து தோற்க முடிந்தது. அதே 1971இல் கதரின் பிரிஸ்பேனும் பிலிப் பார்சன்ஸும் உள்ளூர் நாடகப் பிரதிகளை அச்சிடுவதற்கென்று 'கரன்சி பிரஸ்' பதிப்பகத்தைத் தொடங்கினார்கள். பிரதி அச்சில் இருந்தால், எழுதியவரை ஒருபோதும் சந்தித்திராத ஒரு குழு வேறொரு நகரத்தில் அதை எடுத்து ஆடலாம். நாடகம் நடமாடுவதற்கு இந்த இரண்டும் சேர்ந்தே தேவைப்பட்டன என்று நினைக்கிறேன்.

அந்த ஆண்டுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. பழங்குடி எழுத்தாளர் கெவின் கில்பர்ட் 1968இல் சிறையிலிருந்து எழுதிய 'த செரி பிக்கர்ஸ்', பழம் பறிக்கும் பருவத்துக் கூலித் தொழிலாளரைப் பற்றிய நாடகம், 1971இல் சிட்னியில் மேடையேறியது. மலையகத்தில் நாடகம் எழுத நினைக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தியை நான் தவறாமல் சொல்வதுண்டு.

நம்மவர்கள் பலருக்கும் தெரிந்த அண்மைய உதாரணம் எஸ். சக்திதரனின் 'கவுண்டிங் அண்ட் கிராக்கிங்'. சிட்னியில் வளர்ந்த இலங்கைத் தமிழரான அவர், கொழும்பையும் சிட்னியையும் இணைத்து, ஒரு குடும்பத்தின் நான்கு தலைமுறைக் கதையை எழுதினார். அதை உருவாக்க ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் சென்றன. பதினாறு நடிகர்கள், மூன்று மணிநேரத்துக்கும் மேற்பட்ட ஆட்டம், மேடையில் ஆங்கிலத்தோடு தமிழும் சிங்களமும் என்று சொன்னால், எந்தக் கணக்காளரும் முதல் பக்கத்திலேயே மூடி வைத்துவிடுவார். பெல்வொயர் நாடகக் கம்பனி அதைக் கையேற்று, 2019 ஜனவரியில் சிட்னி நகர மண்டபத்துக்குள்ளேயே அரங்கம் அமைத்து ஆடியது. அந்த ஆண்டு ஹெல்ப்மன் விருதுகளில் ஏழு அதற்குக் கிடைத்தன. அடுத்த ஆண்டு விக்டோரிய மாநிலத்தின் பெரும் இலக்கியப் பரிசும் கிடைத்தது. இதில் என் மனத்தைத் தொடுவது விருதுகளல்ல. 2022இல் அது எடின்பரோவுக்குப் போயிற்று. 2024இல் மெல்பேர்ணிலும் நியூயோர்க்கிலும் ஆடப்பட்டது. கையேற்றவர்கள் அதை இறக்கி வைக்காமல் சுமந்தார்கள்.

அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. புதிய நாடகத்தை 'உலக அரங்கேற்றம்' என்று விளம்பரப்படுத்தி ஒருமுறை ஆடுவதில் இருக்கும் ஆர்வம் அதை மறுபடி ஆடுவதில் இல்லையே என்ற குறை அந்நாட்டு எழுத்தாளர்களிடம் இன்றும் உண்டு. 2015இல் அரசு, கலைகளுக்கான சபையின் நிதியில் பத்துக் கோடி டொலருக்கும் அதிகமான தொகையை நான்காண்டுக் காலத்துக்கென வெட்டியெடுத்தது; அடுத்த ஆண்டு அறுபதுக்கும் மேற்பட்ட அமைப்புகள் தொடர் உதவியை இழந்தன. சிறிய அரங்குகளே முதலில் அடிபட்டன. லா மாமா 2018இல் தீயில் எரிந்தது. மக்கள் காசு சேர்த்தார்கள், அரசும் கொடுத்தது, 2021இல் அதே இடத்தில் மீண்டும் கட்டியெழுப்பினார்கள். எரிந்தது தங்களுடையது என்று நினைத்தவர்கள் அந்த ஊரில் நிறையப் பேர் இருந்திருக்கிறார்கள்.

நமக்குப் பெரிய மண்டபம் ஒன்று கட்டித் தந்தால் எல்லாம் நடந்துவிடும் என்று மேடைகளில் பேசுகிறவர்கள் உண்டு. மண்டபம் வேண்டாமென்று சொல்ல மாட்டேன். ஆனால் நகரத்து மண்டபத்தின் ஒரு நாள் வாடகையும், ஒலிபெருக்கிக் கூலியும், தோட்டத்து மக்களை ஏற்றி இறக்கும் வாகனச் செலவும் சேர்ந்தால், நாட்சம்பளத்தில் வாழும் பிள்ளைகள் அடங்கிய குழு ஒன்று அதற்குப் பிறகு ஓராண்டுக்கு எழும்ப முடியாது. கடைசி பஸ் போய்விட்டால் பார்க்க வந்த பெண்கள் எப்படித் தோட்டத்துக்குத் திரும்புவது என்ற கேள்விக்கும் அந்த மண்டபத்தில் விடை இல்லை. நாடகம்தான் தோட்டத்துக்குப் போக வேண்டும். பராக்கிரம நிரியெல்லவின் ஜனகரலிய குழு, கழற்றிப் பூட்டக்கூடிய அரங்கோடு ஊர் ஊராகப் போய்ச் சிங்களத்திலும் தமிழிலும் நாடகம் போட்டு, இந்த நாட்டிலேயே அது முடியும் என்று காட்டியிருக்கிறது.

காமன் பொட்டல்கள் மாசி தவிர்ந்த பதினொரு மாதமும் வெறுமையாகக் கிடக்கின்றன. சில தோட்டங்களில் கோயில் கமிட்டிப் பெரியவர்களோடு இதைப் பேசிப் பார்த்தோம். அது சாமி காரியம் நடக்கும் இடம், அங்கே சும்மா நாடகம் போடுவதா என்று தயங்கியவர்கள் இருந்தார்கள். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். பொட்டலுக்கு வெளியே, பிள்ளைக்காம்பராவுக்கு முன்னாலுள்ள தரையைத் தருகிறோம் என்று சொன்ன தோட்டமும் உண்டு. கூத்தில் தப்படிக்கும் ஓர் அண்ணன், "நீங்க எழுதுறத எழுதுங்க சேர், அடி நாங்க போட்டுத் தாறோம்" என்றார். அந்தப் பேச்சுக்குப் பின்தான், சித்திரை விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து பிள்ளைகள் ஊருக்குத் திரும்பும் நாட்களில், ஒரு புதிய நாடகத்தை அருகருகேயுள்ள தோட்டங்களில் அடுத்தடுத்து ஆடுவதென்றும், ஒவ்வோர் ஊரிலும் சொல்லப்படுவதைக் கேட்டு அடுத்த ஊருக்கு முன் திருத்திக்கொள்வதென்றும் முடிவு செய்தோம். அந்தந்தத் தோட்டத்தார் குழுவுக்கு இராச்சாப்பாடு தருகிறார்கள். வேறு கட்டணம் இல்லை.

பிரதிகளைத் திரட்டும் வேலையையும் தொடங்கியிருக்கிறோம். மலையகத்தில் எந்தத் தோட்டத்திலோ பாடசாலையிலோ எப்போதோ ஆடப்பட்ட நாடகத்தின் கைப்பிரதி உங்களிடம் இருந்தால், அது கொப்பித்தாளில் பென்சிலால் எழுதியதாக இருந்தாலும், பக்கங்கள் சில குறைந்திருந்தாலும், தொலைபேசியில் படமெடுத்து அனுப்புங்கள். தட்டச்சு செய்து உங்களுக்கும் ஒரு பிரதி தருகிறோம். எழுதியவர் பெயர், முதலில் ஆடிய இடம், ஆண்டு, நடித்தவர்களின் பெயர்கள் ஆகியவற்றை நினைவிலுள்ள அளவுக்குச் சேர்த்து எழுதினால் முதற்பக்கத்தில் போடுவோம். எழுதியவரின் சம்மதமின்றி எதையும் ஆட மாட்டோம்; எழுதியவர் இல்லாவிட்டால் அவர் பிள்ளைகளைத் தேடிப் போய்க் கேட்போம்.